எட்டுக்கு ஒரு மெழுகுவர்த்தி

என் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்டில் எழுதியிருந்த போன் நம்பரைப் பார்த்தார். உதடுகள் முணுமுணுத்தன. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடியது. அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, "தம்பிக்கு இன்னும் கண்ணாலம் ஆவலல்ல?" என்றார்.

ஆகவில்லைதான். அதை போர்டில் எழுதி வைக்கவில்லையே என்று விழித்தேன்.

"எட்டுல போனை வெச்சிக்கினு பொண்ணு தேடினா எவ வருவா? மாத்து. ஜல்தியா மாத்து."

விழுப்புரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரில் டைப்பிங், ஜெராக்ஸ், பாரம் பூர்த்தி செய்து தருவது என்று நான் கடை வைத்திருக்கிறேன். லைசென்ஸைத் தொலைத்தவர், வண்டியை விற்றவர், வாங்கி ஏமாந்தவர் என்று நாள் முழுக்கக் கவலை முகங்களாகத்தான் வரும். எனக்கே ஜாதகம் சொன்ன முதல் வாடிக்கையாளர் இவர்தான். எனக்கு இதிலெல்லாம் துளிகூட நம்பிக்கை கிடையாது. அடுத்த மாதம் நான் நம்பரை மாற்றியது சிக்னல் சரியில்லாததால்தான்.

திண்டிவனம் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையரானவர். ஊரில் அவருக்கு டெலிபோனம்மா என்றே பெயர். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்னும் என் வாடிக்கையாளர்கள். வேலை பார்த்த காலமெல்லாம் நம்பர்களோடு மட்டுமே புழங்கியதால் மனிதர்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பது மறந்துவிட்டதோ என்னவோ, எந்த நம்பர் கண்ணில் பட்டாலும் கூட்டிவிடுவார். கூட்டி, ஒற்றை இலக்கமாகச் சுருக்கி, அதற்கப்புறம்தான் அந்த நம்பருக்குப் பின்னால் நிற்கும் ஆளைப் பார்ப்பார். ஒன்று நல்லது. ஐந்து பரவாயில்லை. ஒன்பது ராஜா. எட்டு வந்தால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்.

டிரங்க் கால் காலத்தில், எட்டு வருகிற நம்பர்காரர்களைச் சற்று நேரம் காக்கவைத்துத்தான் இணைப்பு கொடுப்பாராம்.

"கெட்ட நேரம் தாண்டட்டும்னுதான் தம்பி. அவங்க நல்லதுக்கோசரம்தான் செஞ்சேன்."

இப்படி நல்லது செய்யப்பட்ட ஒருவர், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தவர், மேலிடத்துக்குப் புகார் எழுதிப்போட்டார். விசாரிக்க ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். விசாரணை முடிந்து அவர் கிளம்பும்போது டெலிபோனம்மா ஜன்னல் வழியாக ஜீப் நம்பரைப் பார்த்து, "ஐயா, இன்னிக்கி இதுல போவாதீங்க" என்று மட்டும் சொன்னார். அதிகாரி படித்தவர், பகுத்தறிவாளர். பஸ்ஸில் போனார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. டெலிபோனம்மாவுக்கு அரைநாள் ஆகும். பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டையை உரித்துக்கொண்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் கூட்டிக் கழித்து அனுப்பிக்கொண்டிருப்பார். கண்டக்டர்களுக்கு இது பழகிவிட்டது. "எம்மா, நம்ம வண்டி அஞ்சுதான், வந்து குந்து" என்று தூரத்திலேயே கத்துவார்களாம்.

பங்குச்சாமியார் ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தின்போது அவரைக் கடிந்துகொண்டார். எண்ணை நம்புவது பாவம் என்றார். எட்டில் என்ன கெடுதல், மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்ன பேறுகளே எட்டுதானே என்று கேட்டார்.

"நல்லா எண்ணிப் பாருங்க சாமி. 'பேறுபெற்றோர்'னு ஆண்டவரு ஒம்போது வாட்டி சொல்றாரு" என்றாராம் இவர்.

சாமியார் எண்ணிப் பார்த்தார். ஒன்பது. அந்த வாரம் பிரசங்கத்துக்கு வேறு தலைப்பு எடுத்துக்கொண்டார்.

இவர் என் கடையைத் தேடி வந்தது ஒரு காருக்காக. வீட்டுக்காரர் இறந்துவிட்டார், வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார். சேசிஸ் நம்பரைப் பென்சிலில் பிரதி எடுத்துப் பாரத்தில் ஒட்டவேண்டும். இரும்பில் வெட்டியிருக்கிற நம்பரின்மேல் மெல்லிசுக் காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நம்பர் வெள்ளையாக எழுந்து வரும். அதற்காக நான் திண்டிவனம் போனேன். போய் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அப்படி ஒரு காரை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. இடுப்புயரம்கூட இல்லை. இரண்டே பேர் உட்காரலாம். மேலே கான்வாஸ் கூரை. முன்பக்கம் திறந்தால் ஸ்டெப்னி, பின்பக்கம் திறந்தால் எஞ்சின். ஒன்றுக்கு இரண்டு ரேடியேட்டர். ஸ்டியரிங் இடதுபக்கம். அதனால் டெலிபோனம்மா எப்போதும் வலதுபக்கம் உட்கார்ந்து போவார். எதிரே வருகிறவர்கள் அவர்தான் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் அந்த எண்ணத்தைக் கெடுக்கமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, லாரிக்காரர்களுக்குத் தலையாட்டி வழிவிடுவார். மயிலம் ரோட்டில் ஒரு டி.வி.எஸ். பிப்டிக்காரர் இதைப் பார்த்து அதிர்ச்சியில் வயலில் இறங்கிவிட்ட கதையைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிடும்.

வீட்டுக்காரர் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். கை சுத்தம், வாய் அப்படியில்லை என்று ஊரில் சொல்வார்கள். பேசினால் பாதி பீலா. அந்தப் பீலாக்களில் முதலிடம் இந்தக் காருக்கு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட நாளில் ஒரு துரை இதை பிரான்சிலிருந்து வரவழைத்தானாம். நம்ம ஊர் வெயிலுக்கென்றே தொழிற்சாலையில் தனியாக இரண்டு ரேடியேட்டர் வைத்து, கூரைத் துணியைத் தடிமனாக்கிச் செய்து அனுப்பினார்களாம். இதுபோல இன்னொன்று உலகத்திலேயே கிடையாதாம். துரை கப்பலேறிய பிறகு கொட்டகையில் கிடந்ததை இவர் வாங்கி ஓடவைத்தாராம்.

இந்தக் காரில்தான் அவர்கள் கல்யாணமே ஆரம்பித்தது. அப்போது வீட்டுக்காரருக்கு டெலிபோனம்மாவின் குரலை மட்டும்தான் தெரியும். கடைக்கு டிரங்க் கால் போடும் சாக்கில் பேச்சு வளர்ந்து, ஒருநாள் துணிந்து, "வண்டி வாங்கியிருக்கேன், டூட்டி முடிஞ்சதும் ஊர்ல கொண்டாந்து உட்டுடவா?" என்று கேட்டிருக்கிறார். டெலிபோனம்மாவின் ஊர் பிரம்மதேசம் பக்கம்.

"சேசிஸ் நம்பர் சொல்லுங்க, பாக்கலாம்" என்றாராம் இவர். வெளியே மாட்டும் நம்பர் சட்டை மாதிரி, மாற்றிக்கொள்ளலாம். உள்ளே அடித்திருக்கும் நம்பர்தான் ஜாதகம் என்பது இவருடைய சித்தாந்தம். மனிதர் மறுநாள் போன் போட்டு 3141 என்றார். கூட்டினால் ஒன்பது. ராஜா. இவர் ஏறினார். பிரம்மதேசம் போய்ச் சேர்வதற்குள் கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டது.

"ஒம்போதுல ஏறினேன், ஒம்போதுல வாழ்ந்தேன்" என்பார். அவருடைய சித்தாந்தத்துக்கு அந்தக் கார்தான் ஆதாரம். எண் சாஸ்திரத்தைப் பற்றி யார் கிண்டல் செய்தாலும் காரைக் காட்டி வாயை அடைப்பார்.

நான் பென்சில் பிரதி எடுத்தேன். 3141 பளிச்சென்று வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பதிவு செய்து வாங்கிய ஆர்.சி. புத்தகத்திலும் அதே நம்பர்தான். பெயர் மாற்றம் எளிதாக முடிந்தது. அத்தோடு அவர் கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இந்தமுறை எதையும் கூட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்ததும் பொருமித் தீர்த்துவிட்டார்.

வீட்டுக்காரருக்காக வைத்த பூசை முடிந்து சாப்பாட்டுப் பந்தியில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும், கொழுந்தனார் அண்ணனின் பீலாக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கடைசியாகக் காருக்கு வந்திருக்கிறார்.

"பிரான்ஸ்காரனுக்குத் திண்டிவனம் வெயிலு எப்டிங்க தெரியும்? முதலியார்பேட்டை காயலான் கடையில பீஸ் பீஸா பொறுக்கி எங்கண்ணன் ஒட்டினது அது. ரெண்டாவது ரேடியேட்டர் டிராக்டரோடது. அதான் எஞ்சின் பின்னாடி மாட்டிக்கிச்சி. அண்ணி பாவம், நம்பி ஏறிட்டாங்க!"

"எல்லாரும் சிரிச்சாங்க தம்பி" என்றார் டெலிபோனம்மா. "அவுரு மண்ணுக்குள்ள போயி ஈரம் காயல. அவுரு சொன்னது பொய்யின்னா நான்தானே ஏமாளி? எனக்குத் தெரியணும். அந்தத் தொழிற்சாலையையே கேளு."

தொழிற்சாலை மூடி எத்தனையோ காலமாகியிருந்தது. இன்டர்நெட்டில் துழாவியதில் அதன் பழைய கார்களை வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் கிடைத்தது. அதன் செயலாளர் ஒரு கிழவர். அவருடைய அப்பா அங்கே பெயின்ட் அடித்தவராம். தொழிற்சாலையின் பதிவேடுகள் அவரிடம் பத்திரமாக இருந்தன. எந்த நம்பர் வண்டி எந்த நிறத்தில் எந்த ஊருக்குப் போனது என்று பார்த்துச் சொல்வார். என்னுடைய ஆங்கிலத்தையும் அவருடைய ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டு நாங்கள் எப்படியோ ஒருவரையொருவர் புரிந்துகொண்டோம்.

முதலில் அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பித்தளைத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். தொழிற்சாலையின் முத்திரையும் நம்பரும் அதில்தான் இருக்குமாம். போய்ப் பார்த்தேன். தகடு இருந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் என் முகம் தெரிந்தது, எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை.

"ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் புளி போட்டு நான்தானே தேய்ப்பேன்" என்றார் டெலிபோனம்மா பெருமையாக. "பித்தளைன்னா தேய்க்காம உடமுடியுமா?"

இதை பிரான்சுக்கு எப்படி எழுதுவது? புளிக்கு ஆங்கிலம் தெரியும், காரணத்துக்கு ஆங்கிலம் தெரியவில்லை. தகடு தேய்ந்துவிட்டது என்று மட்டும் எழுதினேன். நிறம் கேட்டார். டேஷ்போர்டுக்கு அடியில் சுரண்டிப் பார்த்ததில் ஆகாய நீலம் தெரிந்தது. சந்தோஷப்பட்டோம். கொழுந்தனார் காதுக்குச் செய்தி போய், "அது அண்ணன் மோட்டாருக்கு அடிக்கிற பெயின்ட்டு" என்று பதில் வந்தது. ஆக, சேசிஸ் நம்பர் ஒன்றுதான் கதி என்றாயிற்று. பென்சில் பிரதியை ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

பதில் சுருக்கமாக வந்தது. நாங்கள் கட்டிய வண்டிகள் ஆயிரத்தைத் தொடவே இல்லை. எங்கள் நம்பர் எல்லாம் மூன்று இலக்கம்தான். 3141 என்று எங்களிடம் ஒரு வண்டி இருந்ததே இல்லை. வருந்துகிறோம்.

டெலிபோனம்மா தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எதிரே வந்த பஸ்ஸின் நம்பரைப் பார்க்காமல் ஏறினார். அந்தக் கொழுந்தனார்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதமுடியாது.

அடுத்த வாரம் விடிந்ததும் விடியாததுமாகக் கடை வாசலில் நின்றார். நான் பூட்டைத் திறப்பதற்குள் இரண்டு காகிதத் துண்டுகளை என் மூக்குக்கு நேராக நீட்டினார். ஒன்று, கார் நம்பரின் பிரதி. இன்னொன்றும் அதேபோல் தேய்த்து எடுத்தது, ஆனால் கறுப்பு கொஞ்சம் பளபளத்தது.

"இது எங்க வூட்டுக் கெணத்து மோட்டார் நம்பரு. புருவம் வரையற பென்சில்ல தேய்ச்சேன். ரெண்டு சீட்டுலயும் ஒண்ணாம் நம்பர் இருக்கில்ல? பாரு."

பார்த்தேன். வீட்டுக்காரர் காயில் கட்டும் மோட்டாரிலெல்லாம் அடையாளத்துக்கு நம்பர் வெட்டுவார். அவரிடம் இருந்த ஒன்றாம் நம்பர் வெட்டிரும்பின் அடிப்பக்கம் உடைந்திருந்தது. அதனால் அவர் அடித்த ஒன்றுக்கெல்லாம் கால் சற்று ஊனம். காரின் 3141இல் நடுவில் இருந்த ஒன்று நேராக நின்றது. கடைசி ஒன்றுக்குக் கால் ஊனம்.

"நம்பர் கேட்டன்னிக்கே ஏன் சொல்லல? மறுநாள் ஏன் போன் பண்ணாரு?" என்றார் டெலிபோனம்மா. "ராவோட ராவா அடிச்சிருக்காரு தம்பி, திருட்டு மனுசன். கடைசி ஒண்ணை எடுத்துட்டுக் கூட்டு."

மூன்று, ஒன்று, நான்கு. எனக்கும் விரல் மடங்கியது. எட்டு.

சேசிஸ் நம்பரில் கைவைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாதா? "அம்மா, இது வெளிய தெரிஞ்சா பேஜாரு" என்றேன்.

"அடிச்சவரு கல்லறையில படுத்துக்கினு கீறாரு. போயி அங்க நோட்டீஸ் ஒட்டச் சொல்லு. நீ கேளு, முந்நூத்திப் பதினாலு இருக்கான்னு கேளு."

கேட்பதற்கு முன் நான் அவரை ஒருமுறை நிதானிக்கச் சொன்னேன். இல்லை என்று வந்தால் வீட்டுக்காரர் பீலாக்காரர், ஆனால் அவர் ஒட்டிய வண்டிக்கு அவர் அடித்ததுதான் நம்பர், ஒன்பது பிழைத்துக்கொள்ளும். இருக்கிறது என்று வந்தால் வீட்டுக்காரர் சொன்னது உண்மை, ஆனால் இத்தனை காலமும் இவர் உட்கார்ந்து போனது எட்டில். ஊர் முழுக்கச் சொல்லிவந்த சாஸ்திரம் கவிழ்ந்துவிடும். எது வேண்டும்?

"எட்டுதான் வேணும்" என்றார் யோசிக்காமலே.

பதில் வரத் தாமதமாயிற்று. அந்த நாட்களில் அவர் மாதா கெபிக்குப் போய் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றினார். யாருக்காக என்று பங்குச்சாமியார் கேட்டதற்கு, "எட்டு வரணும்னு வேண்டிக்கினு இருக்கேன் சாமி" என்றாராம். சாமியார் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. இவரோடு மறுபடியும் எண்ணிக்கையில் இறங்க அவருக்குத் தைரியம் இருந்திருக்காது.

பிரான்சுக் கிழவரின் கடிதம் ஒரு மத்தியானம் வந்தது. இந்தமுறை அவரே சந்தோஷத்தில் குதித்திருந்தார். 314, ஆகாய நீலம், இடதுபக்க ஸ்டியரிங். பாண்டிச்சேரியில் உள்ள ஓர் அதிகாரிக்காக, வெப்ப நாட்டுக்கென்று இரட்டை ரேடியேட்டரும் தடித்த கூரைத் துணியும் வைத்துக் கட்டிய ஒரே வண்டி. மார்செய்ல் துறைமுகத்தில் கப்பலேறியதோடு அதன் தடம் அவர்களுக்கு விட்டுப்போயிருந்தது. எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வரிசையாகக் கேள்விகள்.

உடனே போன் போட்டேன். பழைய பழக்கம் விடாமல் "ஹலோ, திண்டிவனம்" என்றார்.

"எட்டுதாம்மா" என்றேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

"எட்டும்மா. அவுரு சொன்னது அத்தனையும் நெஜம். ரெண்டு ரேடியேட்டரும் நெஜம்."

"லைன் சரியில்ல தம்பி. நல்லா கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லு."

லைன் நன்றாகத்தான் இருந்தது. நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

வருசப் பூசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். கடிதத்தைத் தமிழில் டைப் செய்து எடுத்துப்போயிருந்தேன். அதே சொந்தக்காரர்கள், அதே பந்தி. டெலிபோனம்மா காகிதத்தைக் கொழுந்தனார் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதுவும் தெரியாதவர்போல் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டார். கொழுந்தனார் ஒரு கையால் சாப்பிட்டபடி படித்தார். பாதியில் சாப்பிடுவதை நிறுத்தினார். முழுக்கப் படித்துவிட்டு, "அண்ணன் பீலா உடலடா" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். ஆனால் அந்தக் குடும்பத்தின் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணி! மூணு, ஒண்ணு, நாலு... இது எட்டாச்சே!"

பந்தியே கொல்லென்று சிரித்தது.

"ஒம்போதுல ஏறினேன், ஒம்போதுல வாழ்ந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சீங்களே. இப்ப பீலா யாரு உட்டது?"

"எட்டுலதான்டா ஏறினேன். எட்டுலதான் வாழ்ந்தேன். இன்னா இப்ப?" என்றார் டெலிபோனம்மா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

"எட்டுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா ஏறியிருப்பீங்களா?"

டெலிபோனம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"ஏறியிருக்கமாட்டேன்" என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "சத்தியமா ஏறியிருக்கமாட்டேன்டா. பஸ்ல போயிருப்பேன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்கள். கொழுந்தனார் எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து, அண்ணியைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். வாளியை எடுத்து மீதி இலைகளுக்கெல்லாம் அவரே சாம்பார் ஊற்றினார்.